கிழக்குச் சுவரில் தட்டிய வாளி

எங்கள் கிணற்றில் வாளி சுவரில் தட்டாது. கயிற்றை விட்டால் நேராக நடுவில் இறங்கும், நிறைந்தால் நேராக நடுவில் ஏறி வரும். பதினோரு வருஷம் தினமும் காலையில் முதல் வாளி கோரியவள் நான்தான், அதனால் இதைச் சொல்ல எனக்கு வேறு சாட்சி வேண்டாம். அந்த வருஷம், கோடை தொடங்கும் கும்ப மாசத்தில், விடிந்து இன்னும் காக்கைகூட இறங்காத நேரத்தில், வாளி பாதி வழியில் கிழக்குச் சுவரில் ஒரு தட்டுத் தட்டியது. என் கை ஆடியிருக்கும் என்று நினைத்தேன். மறுநாளும் தட்டியது. அதற்கு அடுத்த நாள் வலது கையால் இடது கையைப் பிடித்துக்கொண்டு, மூச்சையும் அடக்கிக்கொண்டு, மெதுவாக விட்டேன். தட்டியது.

கிணறு நகர்ந்திருக்கிறது, அல்லது கப்பி கட்டிய தூண் சாய்ந்திருக்கிறது. இரண்டில் எதுவானாலும் மண் அசைகிறது என்று அர்த்தம். அதைச் சத்தமாகச் சொல்ல எனக்கு ஒரு மாசத்துக்கு மேல் நேரம் இருந்தது. ஐந்து வீட்டுக்குக் குடிதண்ணீர் அந்த ஒரு கிணறு. நான் நாலாம் கிளாஸ்வரை மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். வாய் வராதவளுக்கு அந்தப் படிப்பு இதை எழுதவாவது உதவட்டும்.

எங்கள் ஊர் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே இறங்கிப் போகும் ஒரு சரிவு. மேட்டில் மரச்சீனிக் கிழங்கும் தென்னையும் நிற்கும் தோட்டம், அதை விளை என்போம். பள்ளத்தில் நெல் வயல். வயல்வெளியை ஏலா என்போம். நெய்யாற்றிலிருந்து வெட்டிய சானல் ஏலாவுக்கு அந்தப் பக்கம் ஓடுகிறது. ஓடுகிறது என்று எழுதிவிட்டேன். எங்கள் பக்கம் அதன் கடைசி வால். மேலே உள்ளவர்கள் எல்லாம் திருப்பிக்கொண்டது போக, ஷட்டர் திறக்கிற முறை நாளில் மட்டும் முட்டளவு தண்ணீர் வரும். மற்ற நாளில் பாசியும் பழைய செருப்பும் கிடக்கும். பைப்பு வெள்ளம், அதாவது குழாய்த் தண்ணீர், தருகிறோம் என்று சொல்லி ஒரு கோடையில் ஆட்கள் வந்து குழி தோண்டி, குழாய் பதித்து, ரோட்டோரம் ஒரு டாப்பும் வைத்துவிட்டுப் போனார்கள். அதில் நாங்கள் ஆடு கட்டினோம். ஆக, கிணறுதான்.

அந்தக் கிணறு முன்பு எங்களுடையது இல்லை. விளைக்கு உடைமைக்காரர்களான பெரிய வீட்டுக்காரர்கள் வெட்டியது. நாங்கள் அவர்கள் விளையில் குடிசை போட்டுக் கிடந்தவர்கள், கயிற்றைத் தொடக் கூடாது. மாமி, அதாவது என் மாமியார், வாழ வந்த புதிதில் குடத்தோடு போய் ஒதுங்கி நிற்பாளாம். பெரிய வீட்டு வேலைக்காரி தன் பாத்திரமெல்லாம் கழுவி முடித்தபிறகு ஒரு வாளி கோரி உயரத்திலிருந்து ஊற்றுவாள். பாதி குடத்தில் விழும், பாதி மாமியின் தோளில் விழும். அந்த ஈரத்தோடு மேடேறி வருவதை மாமி சாகும்வரை மறக்கவில்லை.

பிறகு சர்க்கார் பூமி சட்டம் கொண்டுவந்து, எங்களைப் போல அடுத்தவர் விளையில் கிடந்த குடிகிடப்புக்காரர்களுக்கு வீட்டைச் சுற்றிப் பத்து சென்ட் அளந்து கொடுத்தார்கள். நான் அப்போது கல்யாணமாகி வந்து சில மாசம்தான். சங்கிலி பிடித்து அளந்தபோது கோடு கிணற்றுக்கு மேற்கே விழுந்தது. பெரிய வீட்டுக் காரியஸ்தர் மறுபடி அளக்கச் சொன்னார். மறுபடியும் கிணறு எங்கள் பக்கம்தான். அவர் குடையை மடக்கினார், கிணற்றுக்குள் ஒரு முறை எட்டிப் பார்த்தார், பிறகு மாமியிடம் மலையாளத்தில் சொன்னார்:

"கிணறு நிங்களுக்காயி. அடியிலெ நெல்லியில் மாத்ரம் தொடண்டா."

நெல்லியை மட்டும் தொட வேண்டாமாம். கிணற்றின் அடியில் நெல்லி மரத்தில் வட்டமாக ஒரு பலகை செய்து இறக்கியிருப்பார்கள். தண்ணீரைத் தெளிய வைக்கும், இனிக்கவும் செய்யும் என்பார்கள். அதோடு, கல்கட்டு முழுவதும் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கும். பொறுமை தீர்ந்துபோனால் நெல்லிப்பலகை கண்டாச்சு என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. சொல்வார்கள் நிறையப் பேர், கண்டவர்கள் குறைவு.

காரியஸ்தர் சொன்னது நல்ல புத்தி. இன்று தெரிகிறது. ஆனால் அன்று அது எங்கள் காதில் அப்படி விழவில்லை. கயிற்றைத் தொடாதே, கிணற்றுக் கட்டைத் தொடாதே என்று அத்தனை வருஷம் சொன்ன வாய் கடைசியாக ஒரு தொடாதேயும் சொல்லிவிட்டுப் போகிறது, அவ்வளவுதான். மாமி அவர் போன திசையில் துப்பினாள். "போற போக்கில ஒரு சாபத்தயும் போட்டுட்டுப் போறான் பாரு" என்றாள். அன்று சாயங்காலமே சுற்றியுள்ள நாலு வீட்டையும் கூப்பிட்டு, இனி எல்லோரும் இதில் கோரிக்கொள்ளுங்கள் என்று சொன்னவளும் அவள்தான்.

வாளி தட்டிய அந்த வருஷம் என் வீட்டுக்காரர் கல்ஃபுக்குப் போய் நாலு வருஷமாகியிருந்தது. அவருக்கு எழுத்து வராது. காயிதம் போட்டால் அவர் தங்கியிருக்கும் அறையில் இன்னொருவர் வாசித்துச் சொல்ல வேண்டும், அதனால் நான் காயிதத்தில் சுகம் விசாரிப்பதோடு நிறுத்திக்கொள்வேன். முதல் லீவில் வந்தபோது ஒரு டேப் ரிக்கார்டர் கொண்டுவந்து வைத்தார். பிறகு கேசட்டுதான். ஊருக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயில் கலைந்த பிறகு ஐந்து வீட்டுக்காரர்களும் எங்கள் முற்றத்தில் வந்து உட்கார்ந்து கேட்பார்கள். எனக்கென்று ஏதாவது சொல்லியிருந்தாலும் அதை எல்லோரும்தான் கேட்பார்கள். நான் கதவுக்குப் பின்னால் நிற்பேன்.

வாளி தட்டத் தொடங்கிய அந்தக் கும்ப மாசம் ஒரு கேசட்டு வந்தது. அதில் அவர் கொஞ்சம் குரலை உயர்த்திப் பேசினார்.

"அம்மெ, கேக்குதா? இஞ்ச கடல்வெள்ளத்த நல்லவெள்ளமாக்கி குழாயில விடுதானுவ. திருப்பினா கொட்டும். நம்ம வீட்டுல இன்னும் கயிறும் வாளியும். இந்த வேனலுக்கு மோட்டாரு வச்சாகணும். கெணத்த மூணு கோலாவது தாழ்த்தணும். பழைய நெல்லியும் கல்லும் எடுத்துக் களஞ்சிட்டு, வலிய காங்கிரீட் உறை எறக்கணும். வடக்கு வீட்டு அண்ணன் எறங்கினா போரும், வேற ஆளு வேண்டாம்."

மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். தண்ணீர் அடுக்களைக்குள் தானாக வந்து விழப்போகிறது. தோளில் ஈரத்தோடு மேடேறியவளுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் என் வாய் இன்னும் இறுகிப்போயிற்று.

வடக்கு வீட்டு அண்ணன் கிணறு வெட்டுகிறவர். கோட்டுகால்வரைக்கும் கூப்பிடுவார்கள். கல்ஃபு பணம் வரத் தொடங்கியதிலிருந்து ஒரு வீட்டுக்கு ஒரு கிணறு என்று ஆகி, அவருக்கு ஓய்வே கிடையாது. அவர் தலையைச் சொறிந்துகொண்டு, பலகை வட்டத்துக்கு உள்ளே சின்ன உறையாக இறக்கலாம், நெல்லியைத் தொட வேண்டாம் என்று பார்க்கிறேன் என்றார். மாமி விடவில்லை.

"அவன் வலிய உறைன்னு சொல்லியாச்சு. அந்தக் காரியஸ்தன் சொன்னதுக்காக்கும் நீ பயப்படுத?"

"நானா?" என்று அவர் சிரித்தார். "அவனுக்க குடையக் கண்டே பயந்ததில்ல. சரி, வெட்டி எடுத்துரலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். வடக்கு வீட்டு அக்கா, அவருடைய மனைவி, எனக்கு அந்தச் சரிவில் இருந்த ஒரே கூட்டுக்காரி. அவளும் சிரித்தாள். அடுத்த மாசம் செய்வது என்று பேசி முடித்தார்கள்.

அன்று சாயங்காலம் மாமி தனியாக இருக்கும்போது நான் சொன்னேன். சொல்லவே இல்லை என்று ஆகிவிடக் கூடாது. மாமி, வாளி கிழக்குச் சுவரில் தட்டுகிறது என்று சொன்னேன். அவள் மரச்சீனி தோல் உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, "உனக்கு எப்பளும் கை வெறைக்கும். மோட்டாரு வந்தா வாளியே வேண்டாம் பிள்ளே" என்றாள். இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். வடக்கு வீட்டு அக்காவிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் மருமகள் மோட்டாருக்குக் குறுக்கே நிற்கிறாள் என்று ஊரில் பேச்சு வரும், கிணறு வெட்டுகிறவருக்குக் கிணறு சொல்லிக்கொடுக்கிறாள் என்று சிரிப்பார்கள். இதெல்லாம் காரணமா என்று கேட்டால், அன்றைக்கு எனக்கு இதெல்லாம் மலை போல இருந்தது.

எனக்கு ஒரு வழி தோன்றியது. அவர் அந்தக் கிணற்றில் கோரி வளர்ந்தவர். வாளி தட்டுவதை அவர் கேட்டால் போதும், மற்றதை நான் சொல்ல வேண்டியதில்லை. பதில் கேசட்டில் மாமி பேசி முடித்து, பிள்ளைகள் வேதவசனம் சொல்லி முடித்து, கடைசியில் நான் பேச வேண்டிய இடம் காலியாக இருந்தது. வழக்கமாக அதில் சுகமாக இருக்கிறேன் என்று ஒரு வரி சொல்வேன். இந்த முறை விடியற்காலையில் டேப் ரிக்கார்டரைத் தோர்த்துத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போய் கிணற்றுக் கட்டின்மேல் வைத்தேன். சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அமுக்கினேன். ஐந்து வாளி கோரினேன். ஐந்து முறையும் தட்டியது. ஐந்தாவது வாளியில் தட்டியதோடு நிற்கவில்லை. சின்னச் சின்னக் கல் உதிர்ந்து ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீரில் விழுந்தது. அப்போதுதான் வாயைத் திறந்து, கேட்கிறதா, வேலையை நிறுத்தச் சொல்லுங்கள் என்று சொல்லப் போனேன். பின்னால் குடத்தோடு வடக்கு வீட்டு அக்கா வந்து நின்றாள்.

"என்ன பிள்ளே, காலத்தெ பாட்டு கேக்குதியா?"

நான் தலையை ஆட்டிவிட்டுப் பொத்தானை அமுக்கினேன். தெற்கு வீட்டில் லீவு முடிந்து போகிறவர் கையில் அந்தக் கேசட்டு போயிற்று. பதில் வரும்வரை வேலை தொடங்காது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த வேனல் போல் ஒரு வேனல் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அடுத்த மாசம், மீனம் பிறந்தபோது, தண்ணீர் வற்றி, ஒரு நாள் உச்சி வெயில் உள்ளே விழும்போது அடியில் கறுப்பாக ஒரு வட்டம் தெரிந்தது. ஐந்து வீட்டுப் பெண்களும் வந்து எட்டிப் பார்த்தார்கள். நெல்லிப்பலகை. பேச்சில் மட்டும் இருந்தது கண்முன்னால் கிடக்கிறது. பிள்ளைகள் கத்தினார்கள். இரண்டு மூன்று நாளில் அந்தக் கறுப்பு சாம்பல் நிறமாகி, அதில் நீளமாக வெடிப்பு விழுந்தது. நனைந்தே கிடந்தவரை இரும்பாக இருந்த மரம், காற்றுப் பட்டதும் விறகாகிவிட்டது. அதே நாட்களில், காலையில் கோரிய முதல் குடத்தில் அடியில் வெள்ளையாகப் படிய ஆரம்பித்தது. எங்கள் பக்கம் செம்மண்ணுக்கும் கல்லுக்கும் கீழே வெள்ளைச் சேடி மண். அமுங்கிக் கிடக்கும்வரை அது அடங்கிக் கிடக்கும். ஒரு முறை காய்ந்து மறுபடி நனைந்தால் கஞ்சி போலக் குழையும்.

வடக்கு வீட்டு அண்ணனுக்கு வேறு இடத்து வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. தண்ணீர் இவ்வளவு இறங்கியிருக்கும்போதே செய்துவிடுவோம் என்றார். அமரவிளையிலிருந்து வண்டியில் மூன்று காங்கிரீட் உறை வந்து முற்றத்தில் இறங்கியது. பதில் கேசட்டு வரவில்லை.

முதல் நாள், வாடகைக்கு எடுத்த எண்ணெய் பம்பை வைத்து இருந்த தண்ணீரை இறைத்தார்கள். அது மரச்சீனிச் செடிகளின் அடிமூட்டுக்குள் பாயப் பாய மண் குடித்தது. ஐந்து வீட்டுக்கும் குடிக்க ஆளுக்கு நாலு குடம் பிடித்து வைத்திருந்தோம். மற்றது முழுவதும் அப்படி ஓடிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பம்பை நிறுத்தியபோது கிணற்றுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. பசுவுக்கு வயிறு இரைவது போல.

கிணற்றில் ஆள் இருக்கும்போது பெண்கள் எட்டிப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் இரண்டாம் நாள் பலகையை அறுத்ததை நான் கண்ணால் காணவில்லை, காதால் கேட்டேன். அண்ணன் வழக்கம்போல முதலில், உள்ளே காற்று சரியா என்று பார்க்க, மெழுகுதிரி கொளுத்தி வாளியில் இறக்கி, அது அணையாமல் வந்த பிறகு கிணற்றுக் கட்டைத் தொட்டுக் கும்பிட்டு இறங்கினார். அறுக்கிற சத்தம் மத்தியானம்வரை கேட்டது. கூட வேலை செய்த இரண்டு ஆட்கள் மேலே நின்று கயிற்றில் ஒரு துண்டை இழுத்து எடுத்தார்கள். பிறகு இன்னொன்று. பாதி வட்டம் வெளியே வந்துவிட்டது. மீதிப் பாதியை உறை இறக்கும் நேரத்தில் எடுப்பதாக ஏற்பாடு.

பழைய நெல்லிப்பலகையில் ஒரு துண்டு தண்ணீர்ப் பானைக்குள் போட்டால் நோய் அண்டாது என்பார்கள். ஐந்து வீட்டுக்காரர்களும் ஓடி வந்தார்கள். மாமி வெட்டுக்கத்தியை எடுத்து, கோயிலில் அப்பம் பிட்டுக் கொடுப்பதைப் போலப் பங்கு வைத்துக் கொடுத்தாள். வடக்கு வீட்டு அக்கா தன் துண்டை முகர்ந்து பார்த்து, பச்சை நெல்லிக்காய் மணம் இப்போதும் உண்டு என்று என் மூக்கில் நீட்டினாள். எனக்குச் சேடி மண்ணின் மணம்தான் வந்தது. கிணற்றைத் தாங்கிக்கொண்டிருந்ததை நாங்கள் வெட்டிப் பங்கு போட்டு, சந்தோஷமாக வீட்டுக்குக் கொண்டுபோனோம்.

மூன்றாம் நாள் காலையில் நான் கப்பிக் கயிற்றைப் பார்த்தேன். யாரும் தொடாமல் சும்மா தொங்கிய கயிறு நடுவில் தொங்கவில்லை. கிழக்குச் சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றது. அண்ணன் உள்ளே இருந்தார். உறை சாயங்காலம் இறங்கும், அதற்குமுன் அடிமண்ணைச் சமப்படுத்துகிறார் என்றார்கள். கீழே அவர் பாட்டு முனகுவதும் மண்வெட்டிச் சத்தமும் கேட்டது. நடுநடுவே, அவர் நிறுத்தும்போது, மணல் வடிவது போல ஒரு சத்தம். மேலே நின்ற ஆட்களுக்கு அது கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் மண்வெட்டி என்று நினைத்திருப்பார்கள்.

பத்து மணி சாயா கொடுப்பது என் வேலை. தூக்குப்பாத்திரத்தில் ஊற்றி ஆட்களிடம் கொடுத்தால் அவர்கள் வாளியில் வைத்துக் கீழே இறக்குவார்கள். கிணற்றுவெட்டுக்காரர் பாதி வேலையில் ஏறி வருவதில்லை. ஆள் கையை நீட்டினார். நான் தூக்கைக் கொடுக்கவில்லை.

"சாயா மேலெ இருக்கு. ஏறி வந்து குடிக்கச் சொல்லுங்க" என்றேன்.

அந்த ஆள் என் முகத்தைப் பார்த்தார். நான் பேசி அவர் கேட்டதே இல்லை. மாமி அடுக்களை வாசலில் நின்று, என்ன பழக்கம் இது, வேலையைக் கெடுக்காதே என்றாள். நான் தூக்கை இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். சூடு துணியைத் தாண்டி உறைத்தது. விடவில்லை. கீழேயிருந்து அண்ணன், "என்னலே, சாயாவுக்குக் கயிறு பிடிச்சு எறங்கத் தெரியாதாமா?" என்று கேட்டார். மேலே வந்து குடிக்கச் சொல்கிறார்கள் என்று ஆள் சொன்னதும், சிரித்துக்கொண்டே ஏசினார், ஏசிக்கொண்டே ஏறினார். கட்டுக்கு மேல் அவர் தலை தெரிந்ததும்தான் தூக்கை நெஞ்சிலிருந்து எடுத்தேன்.

அவர் தென்னை மூட்டில் உட்கார்ந்து குடித்தார். இரண்டாவது கிளாஸும் ஊற்றினேன். பீடி எடுத்தார். தீப்பெட்டி உரசும்போது கப்பி சுற்றியது. கயிற்றில் யாரும் கை வைக்கவில்லை. கட்டியிருந்த வாளி கீழே எதிலோ மாட்டி, அதை ஏதோ இழுக்கிறது. முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. பின்பு தூண் குனிந்தது, வீட்டுக்கு வந்த ஆள் குனிந்து உள்ளே நுழைவது போல, அவசரமே இல்லாமல். ஆட்கள் இரண்டு பேரும் பின்னால் பாய்ந்தார்கள். நிறைந்த சாக்கை ஒருவர் தோளிலிருந்து இறக்கிப் போட்ட மாதிரி ஒரு சத்தம், கிணற்றுச் சுவர் உள்ளே இடிந்து இறங்கிவிட்டது. அவ்வளவுதான். காங்கிரீட் உறையில் ஒன்று உருண்டு உள்ளே போனது. வெள்ளைப் புழுதி எழுந்து மரச்சீனி இலையெல்லாம் மாவு தட்டியது போலப் படிந்தது. அண்ணன் கையில் தீக்குச்சி எரிந்து விரலைச் சுட்டது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வடக்கு வீட்டு அக்கா ஓடி வந்து அவருடைய முதுகையும் தலையையும் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். தெய்வம்தான் உன் வாயில் வந்து பேசியது என்றாள். எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். நானும் ஒன்றும் மறுத்துச் சொல்லவில்லை.

குழியில் லாரி லாரியாகச் செம்மண் அடித்து மூடினோம். அது இன்றுவரை அடங்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் இடவப்பாதிப் பருவமழை கழிந்தால் அந்த இடம் ஒரு சாண் தாழ்கிறது, மறுபடி மண் போடுகிறோம். இப்போது மகன் அங்கே கார் நிறுத்தக் கூரை போடலாம் என்கிறான். வேண்டாம் என்று நாலு முறை சொல்லிவிட்டேன். இப்போது சொல்ல எனக்கு வாய் உண்டு. கேட்பதும் கேட்காததும் அவன் பாடு.

கிணறு போனதும் ஐந்து வீடும் சானலுக்கு நடந்தோம். ஷட்டர் திறக்காத நாளில் ஏலாவில் குழி பறித்து, ஊறி வருகிற கலங்கல் தண்ணீரைச் சிரட்டையால் கோரி, துணியில் வடிகட்டிக் கொண்டுவருவோம். போகும்போது ஒரு வீட்டு நடையிலிருந்து அடுத்த வீட்டுக்குக் குரல் கொடுத்து, எல்லோரும் சேர்ந்துதான் போவோம். பானைக்குள் நெல்லித் துண்டு கிடந்தது. தண்ணீர்தான் இல்லை. அண்ணன் அதன்பிறகு கொஞ்ச நாள் வேலைக்குப் போகவில்லை.

மீனம் கழிந்து மேட மாசம் பதில் கேசட்டு வந்தது. கிணறு போன சங்கதி அவர் அதைப் பேசும்போது அவருக்குத் தெரியாது. நான் அனுப்பிய அதே கேசட்டில்தான் திருப்பிப் பேசியிருந்தார். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள், புதுக் கேசட்டு எதற்கு வீணாக. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல ஐந்து வீட்டுக்காரர்களும் வந்து உட்கார்ந்தார்கள். வடக்கு வீட்டு அண்ணனும் வந்தார்.

மாமியின் உடம்பைக் கேட்டார், பிள்ளைகளைக் கேட்டார். பிறகு என்னிடம், "நீ கெணத்துச் சத்தம் பிடிச்சு அனுப்பினது வலிய சந்தோஷம். ரூம்ல மூணு தடவ போட்டுக் கேட்டோம். கப்பி கரையுத சத்தம் கேட்டு எல்லாவனும் கண்ணு நனச்சானுவ. இனி உனக்குக் கயிறு இழுக்காண்டாம் கேட்டியா. மோட்டாரு வந்த பெறகும் ஒரு தடவ பிடிச்சு அனுப்பு" என்றார். கதவுக்குப் பின்னால் நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூன்று தடவை கேட்டிருக்கிறார். தட்டுவது அவர் காதில் விழவில்லை.

அவர் பேச்சு சீக்கிரம் முடிந்துவிட்டது. நான் அனுப்பியதை அவர் முழுவதும் அழிக்கவில்லை. ஒரு சொடுக்குச் சத்தம் கேட்டது, அதன்பின் எங்கள் கிணறு பேசத் தொடங்கியது. கப்பி கிரீச்சிட்டது. வாளி இறங்கியது. தட்டியது. தண்ணீரில் விழுந்து நிறைந்து ஏறியது. மூடிப்போட்ட குழி பத்தடி தள்ளிக் கிடக்கிறது, அதிலிருந்த தண்ணீர் பெட்டிக்குள் துளும்புகிறது. மறுபடி வாளி இறங்கியது, தட்டியது, கல் உதிர்ந்து ஒவ்வொன்றாக விழுந்தது. அதற்கு அப்பால் வடக்கு வீட்டு அக்காவின் குரல்: "என்ன பிள்ளே, காலத்தெ பாட்டு கேக்குதியா?"

சொடுக்கென்று நின்றது.

அண்ணன்தான் முதலில் பேசினார். "திருப்பிப் போடு" என்றார். பையன்கள் யாரோ திருப்பிப் போட்டார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். ஒவ்வொரு தட்டுக்கும் அவருடைய கட்டைவிரல் தரையில் ஒரு முறை அழுந்தியது. கல் உதிர்கிற இடம் வந்ததும் எழுந்து, தோர்த்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் போய்விட்டார்.

அக்கா போகவில்லை. அந்த விடியற்காலை எது என்று அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. கதவுக்குப் பின்னால் நான் நிற்கிற இடமும் அவளுக்குத் தெரியும். எழுந்து வந்து என் முன்னால் நின்றாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

"எல்லாம் அறிஞ்சிட்டாக்கும் ரெண்டு நாளு அவர எறங்க விட்ட?"

நான் மாமியைப் பார்த்தேன். வாளி தட்டுகிறது என்று நான் சொன்ன சாயங்காலம் மாமிக்கு மறந்திருக்காது. அவள் டேப் ரிக்கார்டரின் மேல் துணியைப் போட்டு மூடினாள், நாலு மூலையையும் இழுத்து விட்டாள், தலையைத் தூக்கவில்லை. எனக்கும் மாமி மேல் கை காட்டத் தோன்றவில்லை. ஒரு தூக்குச் சாயாவைப் பிடித்து நிறுத்த முடிந்தவளுக்கு ஒரு மாசத்துக்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்ல முடிந்திருக்கும். அக்கா அதைத்தான் கேட்கிறாள். அது நியாயம்தானே.

மறுநாள் சானலில் ஷட்டர் திறக்கிற முறை. நான் குடத்தை எடுத்து வைத்துக்கொண்டு, யாராவது குரல் கொடுப்பார்கள் என்று காத்திருந்தேன். குடங்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு எங்கள் வேலியோரமாகப் போகிற சத்தம் கேட்டது, பேச்சு கேட்கவில்லை. அவர்கள் இறங்கிப் போன பிறகு நான் வெளியே வந்தேன். எங்கள் வாசல் நடையில் ஒரு துண்டு நெல்லிப்பலகை கிடந்தது. அக்கா என் மூக்கில் நீட்டிய அதே துண்டு, வடக்கு வீட்டுப் பங்கு. அப்போதுதான் பானைக்குள்ளிருந்து எடுத்திருக்கிறார்கள், அடியில் ஈரம் பரவியிருந்தது.